தாளில் வராத மூன்றாவது மருந்து

மாமியாருக்கு ஒத்துக்கொள்ளாத மூன்று மருந்துகளை, மருமகள்தான் கைப்பேசியிலிருந்து வரிக்கு ஒன்றாக மருத்துவமனைப் படிவத்தில் எழுதி அனுப்பியிருந்தாள். அந்தப் படிவத்துக்கு நிரல் எழுதியவளும் அவளே.

மாமியாரை அறுவை சிகிச்சைக்கு அழைத்துப்போன வேளையில், அலுவலகத்தில் பதிவுகளைப் பார்த்தவள் தன் நிரலின் பிழையைக் கண்டாள். கணினியிலிருந்து வரும் ஒவ்வொரு வரியும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு வரிமுடிவுக் குறிகளோடு முடிகிறது. கைப்பேசியிலிருந்து வருவது ஒன்றோடு. அவள் நிரலோ இரண்டைத்தான் தேடும். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஒரே வரியாக்கி, வார்டில் அச்சாகும் தாளின் அகலத்துக்கு மிஞ்சியதை வெட்டிவிடும்.

உடனே வார்டை அழைத்தாள்.

"சிஸ்டர், எங்க அத்தை தாள்ல எத்தனை மருந்து இருக்கு?"

"ரெண்டும்மா. ஏன், குரலே சரியில்ல?"

"மூணு! மூணாவதுதான் உயிருக்கே ஆபத்து. ஊசி போட்டாச்சா?"

சிஸ்டரின் செருப்பு ஓடும் சத்தம் கேட்டது; பிறகு திரும்பி வரும் சத்தம்.

"போடலம்மா, சிரிஞ்ச்ல ஏத்தி வச்சுட்டாங்க, நிறுத்திட்டேன். வேற மருந்து எதுவும் ஒத்துக்காதான்னு டாக்டர் கேட்டதுக்கு உங்க அத்தை, 'எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்கிறவ என் மருமக, அவ எழுதினா ஒண்ணும் விட்டுப்போகாது'ன்னாங்களாம்."

அவளுக்கு அழக்கூட நேரமில்லை.

"சிஸ்டர், போனை வச்சிடாதீங்க. இன்னிக்குக் கைப்பேசியில எழுதினவங்க இன்னும் பதினோரு பேர் இருக்காங்க."