எதை?

மச்சானின் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு இளைய டாக்டர் சொன்னார். "முழங்காலுக்கு மேல எலும்புல கட்டி. எடுத்துடலாம். நாளைக்குக் காலையில."

நாங்கள் தலையாட்டினோம். அவனுடைய அக்கா, என் பெண்டாட்டி, அப்போதுதான் மூச்சு விட்டாள்.

அவன் சாரம் கட்டுகிறவன். நான் அதில் ஏறிப் பூசுகிற கொத்தன்.

"எடுத்துட்டா அடுத்த மாசம் மேல ஏறிடுவேன் மாமா. உங்களுக்குத்தான் தொடை நடுங்கும்," என்றான்.

"போடா குரங்கு," என்றேன்.

சாயங்காலம் ஓர் ஊழியர் வந்து காலை மழித்தார். பிறகு மைப்பேனாவால் நடுத்தொடையைச் சுற்றி ஒரு கோடு போட்டார்.

"கட்டி முட்டிகிட்டதானே இருக்கு? இங்க எதுக்குக் கோடு?" என்றாள் என் பெண்டாட்டி.

"காலை எடுக்கிறது இங்கதாம்மா."

மச்சான் சிரிக்கப் பார்த்தான். வாய் கோணிக்கொண்டது.

எடுத்துடலாம் என்றவர் எதை என்று சொல்லவில்லை. கட்டியை என்று நாங்கள் நினைத்தோம். அவர் சொன்னது காலை. ஒரு செங்கல்லை எடுக்கச் சொன்னால்கூட எந்தக் கல் என்று கை காட்டுவோமே!

அவள் வெறுங்காலோடு டாக்டர் அறைக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

"மத்தியானம் ஸ்கேன் எடுத்த தம்பி சொன்னாரு. படத்தை மிஷின்ல ஏத்தினா கத்தி எலும்புல எங்க போகுதுன்னு திரையில தெரியுமாம். கட்டியை மட்டும் வெட்டி எடுக்கலாமாம். அந்த மிஷின் இங்க இருக்கா, இல்லையா?"

"இருக்கு. அதுல செஞ்சா அரை நாள் போயிடும்மா. கூலி வேலை பாக்குறவருக்கு அவ்வளவு எதுக்கு? செயற்கைக் கால் வெச்சுக்கலாம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "கூலி வேலைக்குத்தான் சார் கால் வேணும். நாற்காலியில உக்கார்றவங்களுக்கு எதுக்கு ரெண்டு?"

அவர் முகம் சிவந்தது. "பெரிய டாக்டரம்மாகிட்ட கேட்டுக்குங்க, போங்க."

கேட்டோம். அந்தம்மா வெளியே வரும்வரை கதவை விட்டு நகரவில்லை. ஸ்கேன் படங்களைக் கணினியில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ரத்தக்குழாய் தள்ளித்தான் இருக்கு. காலை விட்டுடலாம். கட்டியையும் சுத்தி இருக்கிற கொஞ்சம் எலும்பையும் எடுத்துட்டு உலோகம் வைப்போம். சாரம் ஏற முடியாது. நடக்கலாம்," என்றவர், "இதை ஏன் யாரும் எங்கிட்ட முதல்லயே காட்டல?" என்றார்.

எங்களைக் கேட்டால்? அந்த இளைய டாக்டரையல்லவா கேட்டிருக்க வேண்டும்!

அறுவை நாளில் மச்சானை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது கதவிடுக்கில் பார்த்தேன். மிஷினின் உறையைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தார்கள். புழுதி பறந்தது. அந்த உறையைக் கழற்றாமலே எத்தனை பேருடைய கால்கள் போயினவோ!

கண் விழித்ததும் மச்சான் குழறினான். "மாமா, எதை எடுத்தாங்க?"

போர்வையை விலக்கிக் காட்டினேன். கட்டுக்குக் கீழே அவனுடைய அழுக்கு நகங்கள் ஐந்தும் இருந்தன. தொடையில் மைக்கோடும் இருந்தது. அக்கா ஈரத்துணியால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை.

மறுநாள் இளைய டாக்டர் நாலு பேரோடு வந்தார். மச்சானின் தோளைத் தட்டி, "நல்லபடியா எடுத்துட்டோம்," என்றார்.

என் பெண்டாட்டி எழுந்து அவர் வழியில் நின்றாள்.

"எதைன்னு சொல்லிட்டுப் போங்க டாக்டர்."