நான் நல்லவளாக இருந்த மாதம்

எங்கள் வீட்டில் எனக்குத் தும்மல் வந்தால்கூட அதற்கு மாத்திரைதான் காரணம். நான் சிரித்தால், மாத்திரை குறைந்ததால் சிரிக்கிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், மாத்திரை குறைந்ததால் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மனுஷிக்குச் சாதாரணமாக எரிச்சல் வரும் என்பதையே என் புருஷனும் மகளும் மறந்துவிட்டார்கள்.

மாத்திரையை நான் குறை சொல்லமாட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், கடையில் பணம் கட்ட வரிசையில் நின்றபோது நெஞ்சு படபடவென்று அடித்து, கைகால் வெலவெலத்து, இதோ செத்துவிடப் போகிறேன் என்று தோன்றியது. அப்புறம் அதே பயம் பஸ்ஸில் வந்தது, லிஃப்டில் வந்தது, கடைசியில் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது. அந்த நாளில் என்னைத் தூக்கி நிறுத்தியது மாத்திரைதான். இப்போது பயம் ஓரளவு அடங்கிவிட்டதால், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். "நீங்களா அவசரப்பட்டு நிறுத்திடாதீங்க. ஒரு படி இறங்கணும், நிக்கணும், மூச்சு விடணும், அப்புறம்தான் அடுத்த படி" என்றார்.

ஏற்கெனவே ஒரு தடவை இறங்கிப் பார்த்தவள் நான். அந்த வாரம் பார்த்து என் புருஷன் ஒரு வாஷிங் மெஷின் மோட்டாரைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்துக் கழற்றினார். வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்ப்பதுதான் அவர் வேலை. அதற்கு என் மேஜைவிரிப்பா கிடைத்தது? அது முழுக்க கிரீஸ்! நான் சாமியாடிவிட்டேன். மனிதர் பயந்துபோய் நேராக டாக்டரம்மாவிடம் போய், "ரொம்பக் கத்துறா டாக்டர், தாங்கல போல" என்று போட்டுக்கொடுத்தார். டாக்டரம்மாவும் பழைய அளவுக்கே ஏற்றிவிட்டார். இறங்கின படியில் திரும்ப ஏறுவது எப்படி இருக்கும் என்று ஏறினவளுக்குத்தான் தெரியும். அன்றைக்குக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதனால் இரண்டாம் தடவை குறைக்க ஆரம்பித்தபோது ஒரு முடிவு எடுத்தேன். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்வரை வாயைத் திறந்து கத்தக் கூடாது, வானமே இடிந்து விழுந்தாலும் சரி. இன்னொரு முறை மேலே ஏற்றிவிட்டால் மறுபடி இறங்க எனக்குத் தைரியம் வராது. அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

நான் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். கண்ணாடியின் காது கழன்றுவிட்டால் மாட்டித் தர வேண்டும், மூக்கை அழுத்துகிறது என்றால் வளைத்துத் தர வேண்டும். அதில் போடும் ஸ்க்ரூ கடுகைவிடச் சின்னது. அதை எடுத்துத் துளைக்குள் விடும் நேரம் பார்த்தா கை நடுங்க வேண்டும்? நடுங்கியது. தரையில் விழுந்த ஸ்க்ரூவெல்லாம் விழுந்ததோடு சரி, போன இடம் தெரியவில்லை. சத்தம் வேறு பொறுக்க முடியவில்லை. கடைக் கதவின் மணி என் மண்டைக்குள்ளேயே அடித்தது. படபடப்பு வரும்போது பின்னறைக்குப் போய்க் குழாய்த் தண்ணீரில் மணிக்கட்டுவரை நனைத்துக்கொள்வேன். பார்வை சோதிக்கும் பலகையைக் கடைசி வரியிலிருந்து மேலே மேலே படிப்பேன். பெரிய எழுத்துக்கு வந்து சேரும்போது நெஞ்சும் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

முதலாளியம்மாவிடம் மறைக்க முடியவில்லை. "கை ஆடுதா?" என்றார்.

"கொஞ்சம்."

"சரி, ஸ்க்ரூவை என்கிட்ட விடு. நீ அந்த ஆளை கவனி."

அந்த ஆள் தன் கண்ணாடிமேல் தானே உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார். பார்த்தாலே தெரிந்தது. "தானா வளைஞ்சிடுச்சும்மா" என்றார்.

"ஆமா சார், சில கண்ணாடிக்கு அப்படி ஒரு புத்தி" என்றேன். முதலாளியம்மா எதையோ தேடுகிற மாதிரி மேஜைக்குக் கீழே குனிந்து சிரித்தார். கடையில் இப்படி ஒருவழியாகப் பொழுது ஓடிவிடும்.

வீட்டில்தான் பெரும்பாடு. என் மகளுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் நீதிபதி. பதினைந்து வயதுதான், ஆனால் எதைக் கேட்டாலும் கையில் தீர்ப்பு தயாராக இருக்கும். அவளும் அவள் அப்பாவும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்னைக் கவனித்தார்கள். நானும் அசரவில்லை. கட்டில்மேல் ஈரத்துண்டு கிடந்தால், "பரவாயில்ல, நான் காயப்போடுறேன்" என்று துணிக்கடை பொம்மை மாதிரி சிரித்தேன். நாக்கு நுனிவரை வந்ததையெல்லாம் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினேன். கை நடுங்குவதை மட்டும் காட்டிக்கொள்ளவே இல்லை. தட்டு வைக்கும்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

என் பொறுமைக்குப் பரிசு என்ன தெரியுமா? மறுநாள் கட்டிலில் இரண்டு ஈரத்துண்டு. அதற்கடுத்த நாள் சோபாமேல் சேற்றுக் காலணி. அப்புறம் ஒரு மாலை, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே என் தட்டுக்குப் பக்கத்தில் டொம்மென்று ஒரு மோட்டார் வந்து உட்கார்ந்தது.

"இங்கயே கழட்டட்டுமா?" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார் என் புருஷன்.

"தாராளமா. வெளிச்சம் போதுமா, அந்த லைட்டையும் போடட்டுமா?"

அவர் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது. என் வயிறு பற்றி எரிந்தது. ஆனாலும் எழுந்துபோய் லைட்டைப் போட்டுவிட்டு வந்தேன்.

நீதிபதி தன் பங்குக்கு, "அம்மா, கணக்குல முப்பத்தொண்ணு" என்று வந்து நின்றாள்.

"அதனால என்ன கண்ணு, அடுத்த தடவை பாத்துக்கலாம்."

பேயறைந்த மாதிரி அப்படியே நின்றாள். அப்புறம் சமையலறைக்கு ஓடினாள். அங்கே இருவரும் குசுகுசுவென்று பேசுவது கூடம்வரை கேட்டது.

"இன்னிக்கும் இல்லப்பா."

"ஒரு வார்த்தைகூடவா?"

"கண்ணுன்னு சொன்னாப்பா."

"கண்ணுன்னாளா?" அவர் குரல் இறங்கிவிட்டது.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. என் நல்ல நடத்தையைத்தான் கணக்கெடுக்கிறார்கள், பாஸ் பண்ணிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரைப் பார்க்கும் நாளும் வந்தது. டாக்டரம்மா எதிரில் நானும் அவரும் உட்கார்ந்தோம். கையைக் கைப்பைக்கு அடியில் ஒளித்துக்கொண்டேன்.

"எப்படி இருக்கீங்க?"

"ரொம்ப நல்லா இருக்கேன் டாக்டர்."

என் புருஷன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "டாக்டர், தயவுசெஞ்சு மாத்திரையைப் பழையபடி ஏத்திடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாவி மனுஷா! இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததற்கு இதுவா பலன்?

"ஏன், வீட்ல ரொம்பக் கோபப்படுறாங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"படமாட்டேங்கிறாளே டாக்டர்! அதுதான் பயமா இருக்கு. ஈரத்துண்டைப் போட்டுப் பாத்தேன். சோபாமேல ஷூவை வச்சுப் பாத்தேன். சாப்பிடுற மேஜைல மோட்டாரை வச்சேன், லைட்டைப் போட்டுக் குடுக்கிறா. பொண்ணு எண்பத்தொண்ணு வாங்கிட்டு முப்பத்தொண்ணுன்னு பொய் சொன்னா, அதுக்கும் கண்ணுங்கிறா." அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "என் தொழில்ல பாத்திருக்கேன் டாக்டர். மெஷின் கடகடன்னு சத்தம் போட்டா நான் கவலையே பட மாட்டேன். எங்கயோ நட்டு லூஸ், முடுக்கிடலாம். திடீர்னு சத்தமே இல்லன்னாதான், உள்ள என்ன எரிஞ்சு போயிருக்கோன்னு உடனே கழட்டிப் பாப்பேன். இவ சத்தமே போடல டாக்டர்."

அவ்வளவுதான். அணை உடைந்துவிட்டது.

"என்னது, மெஷினா? நான் உங்களுக்கு மெஷினா? வேணும்னே போட்டீங்களா அந்தத் துண்டை? அத்தனை நாளும் ஈர மெத்தைல படுத்தது நான்! முதுகு விறைச்சுப் போச்சு! ஷூவையும் வேணும்னே வச்சீங்களா? அந்தச் சேத்தை யாரு தேச்சா, உங்க தாத்தாவா? போன தடவை கத்தினேன்னு போட்டுக்குடுத்தீங்க. சரி, கத்தலன்னா அதுக்கும் போட்டுக்குடுப்பீங்களா? மனுஷி எந்தப் பக்கம்தான் போறது? அந்தப் பொண்ணுக்குப் பொய் சொல்லக் கத்துக்குடுத்தது வேற! வீட்டுக்கு வாங்க, ரெண்டு பேருக்கும் இருக்கு!"

வெளியே காத்திருந்தவர்களின் பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றுபோனது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். என் புருஷனோ முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர் வேறு. "இதுதான் டாக்டர்" என்றார். "இதுதான் என் வீட்டுக்காரி."

"அப்ப ஏத்த வேண்டாமா?"

"வேண்டவே வேண்டாம்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "கையை மேஜைமேல வைங்கம்மா" என்றார்.

வைத்தேன். மேஜையில் இருந்த காகிதம் சரசரத்தது. என் புருஷனின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"இது எப்போலேர்ந்து?" என்று என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"குறைச்ச கொஞ்ச நாள்லேர்ந்து. தூக்கமும் சரியா இல்ல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஏத்தச் சொல்லுவீங்க. அந்தப் பயம்தான்." சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் மேஜைமேல் நடுங்கிக்கொண்டிருந்த கையின்மேல் தன் கையை வைத்தார். நகத்துக்குள் கிரீஸ் இருந்தது.

டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். "ஏத்தவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். இதே அளவுல நில்லுங்க, நடுக்கம் அடங்கட்டும். அப்புறம் இன்னும் சின்னப் படியா இறங்குவோம். கொஞ்சம் நாளாகும், ஆனா போய்ச் சேந்துடலாம். ஒண்ணே ஒண்ணு, நீங்க நடிச்சீங்கன்னா நான் யாருக்கும்மா வைத்தியம் பாக்கிறது?"

திரும்ப ஏற வேண்டாம் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. வெளியே வந்தபோது காத்திருந்தவர்கள் எல்லாரும் மரியாதையாக வழிவிட்டார்கள். ஓர் அம்மாள் என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். அவர் வீட்டிலும் ஈரத்துண்டு இருக்கும்போல.

மாடிப்படி இறங்கும்போது கேட்டேன். "வீடு அமைதியா இருந்தா உங்களுக்கு நிம்மதியா இருக்கும்னு இல்ல நினைச்சேன்?"

அவர் இரண்டு படி தள்ளி நின்று திரும்பினார். "மூணு வருஷமா அமைதியாத்தான் இருந்துச்சு. உனக்குப் பயம் இல்ல, அதுவே போதும்னு இருந்தேன். ஆனா நீ ஏதோ பக்கத்து வீட்லேர்ந்து பேசுற மாதிரி இருக்கும். போன தடவை நீ கத்தினப்போ எனக்குக் கைகால் ஓடல. நோயா, நீயான்னு எனக்கு அடையாளமே தெரியல. அப்புறம் நீ சுத்தமா சத்தமே போடாம ஆனதும், சமையலறைல நீ இருக்கியான்னு எட்டி எட்டிப் பாக்க வேண்டியிருந்துச்சு."

அவர் சட்டையைப் பார்த்தேன். "சட்டைப் பித்தானை மாத்திப் போட்டிருக்கீங்க. டாக்டர் எதிர்ல இப்படியா வந்து உக்காருவீங்க?" என்றேன்.

"சொல்லு, இன்னும் சொல்லு" என்றார்.

சொன்னேன். தெருவைத் தாண்டி, பஸ் நிறுத்தம்வரை, பஸ்ஸுக்குள்ளும் சொல்லிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு தடவை நெஞ்சு படபடவென்று அடித்தது. அதையும் சொன்னேன்.