நான்கு, நான்கு, இரண்டு

கண்ணாடியின் மேல் வலது கையின் நான்கு விரல்களை மறுபடியும் அழுத்தி வைத்தேன். திரையில் நான்கு சாம்பல் நிறத் திட்டுகள் தெரிந்தன. கோடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. இயந்திரத்தின் ஓரத்தில் சிவப்பு விளக்கு மூன்று முறை மின்னி அணைந்தது.

"இன்னிக்கும் வரலம்மா," என்றார் ரேகை எடுப்பவர். குரலில் கோபமில்லை, அனுதாபமும் இல்லை. காலையிலிருந்து அதையே நாற்பது பேரிடம் சொன்னவரின் குரல்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு பருவம் படிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது. சேர்க்கைக் கடிதம், மருத்துவச் சான்று, காது தெரியவில்லை என்று திரும்பி வந்து மறுபடி எடுத்த புகைப்படம், எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வரிசையாக இருந்தன. விசாவுக்குப் பாக்கி பத்து விரல்கள்தான். முதலில் வலது கை நான்கு, அடுத்து இடது கை நான்கு, கடைசியில் கட்டைவிரல் இரண்டும்.

இந்த இயந்திரம் வேலை செய்யும் விதம் அழகானது. கண்ணாடிக்குக் கீழிருந்து வெளிச்சம் சாய்வாக மேலே வருகிறது. விரல் படாத இடத்தில் அது கண்ணாடியின் மேற்பரப்பில் மோதித் திரும்பி கேமராவுக்குப் போய்விடும். அந்த இடம் படத்தில் வெளுப்பாகத் தெரியும். விரலின் மேடுகள் படும் இடத்தில் வெளிச்சம் தோலுக்குள் நழுவிவிடும், அங்கே கருப்பு. கேமராவுக்கு விரலைப் பற்றிக் கவலையே கிடையாது. விரல் எங்கெங்கே தொட்டது என்பது மட்டும்தான் அதற்கு வேண்டும். மேடு தேய்ந்த விரல் தொட்டும் தொடாத விரல்.

"என்ன வேலைம்மா செய்யற?"

"படிக்கிறேன் சார்."

அவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். "படிக்கிற கையா இது?"

"வீட்டுல அட்டைப்பெட்டி செய்யறோம். மடிக்கிறது நானும் அக்காவும்."

"அப்படிச் சொல்லு. கொத்தனார், பாத்திரம் தேய்க்கிறவங்க, அட்டை மடிக்கிறவங்க. என் உயிரை எடுக்கறதுக்குன்னே வருவீங்க." கணினியில் எதையோ தட்டினார். "பதினெட்டு நாள் கழிச்சு ஒரு நேரம் காலியா இருக்கு. அது மூணாவது தடவை. அன்னிக்கும் வரலன்னா விண்ணப்பத்தை மூடிடுவாங்க. அதுவரைக்கும் கையால எதையும் தொடாத."

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரேகையின் அச்சு மேல்தோலில் இல்லை, அதற்கு அடியில் இருக்கிறது. மேலே எவ்வளவு தேய்ந்தாலும், அடியிலிருந்து ஏறி வரும் புதுத்தோல் அதே கோடுகளைத்தான் கொண்டுவரும். ஆனால் முழுவதும் ஏறி வர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். எனக்கு இருந்ததோ பதினெட்டு நாள்.

எங்கள் வீட்டின் முன்னறைதான் பட்டறை. வெட்டிக் கோடு போட்ட அட்டைகள் கட்டுக்கட்டாக வரும். கோட்டின் மேல் கட்டைவிரலை அழுத்தி இழுத்தால் மடிப்பு விழும். ஒரு செருப்புப் பெட்டிக்கு எட்டு மடிப்பு. அட்டை பார்க்க வழவழப்பாக இருக்கும். ஆனால் அதிலுள்ள நாரும் வெள்ளைத் தூளும் சேர்ந்து மெல்லிய உப்புத்தாள் மாதிரி விரலைத் தேய்க்கும். அம்மா பசை தடவுவாள். அப்பா வண்டியில் ஏற்றிப் போவார். ஐம்பது செருப்புப் பெட்டி கொள்ளும் பெரிய பெட்டிகளுக்குக் கம்பிப் பின் அடிக்க, காலால் மிதிக்கும் ஓர் இயந்திரம் மூலையில் நிற்கிறது. அது அக்காவின் வேலை. சாயங்காலங்களில் அவள் அதன் முன் நின்று அட்டையைப் பிடித்து, மிதித்து, பிடித்து, மிதித்து, முழங்காலைத் தடவிக்கொண்டே வந்து சாப்பிடுவாள்.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா மடிப்பதை நிறுத்தவில்லை.

"அப்போ பதினெட்டு நாளைக்கு விஞ்ஞானி எதையும் தொட மாட்டாங்க."

"தொடக்கூடாதாம்."

"சோறு மட்டும் தொடலாமா, இல்ல அதையும் நாங்களே ஊட்டணுமா?"

"விடுடி," என்றாள் அம்மா பசை வாளியைக் கிளறியபடி. "பதினெட்டே பதினெட்டு நாள்."

"உனக்கென்ன, வாயால மடிப்ப. செருப்புக் கடைக்காரன் நாலாயிரம் பெட்டி கேட்டிருக்கான், இந்த மாசத்துக்குள்ள."

மறுநாள் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு மடிக்க உட்கார்ந்தேன். துணி வழுக்கியது, மடிப்பு கோட்டைவிட்டு விலகி, பெட்டி கழுத்துச் சுளுக்கிய மாதிரி நின்றது. அக்கா அதைத் தூக்கிப் பார்த்து, "இதுல ஒத்தச் செருப்புதான் போகும். நொண்டிக்கு விக்கலாம்," என்றாள். இரும்பு ஸ்கேலால் அழுத்திப் பார்த்தேன். மடிப்பு நேராக விழுந்தது, ஆனால் அச்சடித்த பக்கத்தில் கீறல். அதோடு என்னை முன்னறையிலிருந்தே விரட்டிவிட்டார்கள்.

சும்மா இருப்பது இவ்வளவு களைப்பான வேலை என்று எனக்குத் தெரியாது. பயணப் பெட்டியில் வைக்க வேண்டிய துணிகளை மனத்துக்குள் அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன். நான் போகவிருந்த ஊரின் குளிர் எத்தனை டிகிரி என்று தினமும் பார்த்தேன். முன்னறையிலிருந்து அட்டை உரசும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. முன்பு இரண்டு பேர் உரசிய சத்தம், இப்போது ஒருத்தியுடையது. தினமும் பென்சில் தூளை விரலில் தடவி வெள்ளைத்தாளில் ஒற்றி, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஏழாம் நாள் சுண்டுவிரலில் கோடுகள் தெரிந்தன. சுண்டுவிரல்தான் எங்கள் வேலையில் சோம்பேறி. கட்டைவிரல் வழுக்கைத் தலை மாதிரியே இருந்தது.

பதினோராம் நாள் மதியம் தண்ணீர் குடிக்க முன்னறை வழியாகப் போனேன். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கட்டைவிரல்களிலும் பிளாஸ்திரி. மடியில் பாதி மடித்த பெட்டி. நான்கு மடிப்புதான் பாக்கி. நான் குனிந்து கையை நீட்டினேன்.

"தொட்ட, கையை உடைச்சிடுவேன்," என்றாள், கண்ணைத் திறக்காமலே.

"நாலு மடிப்புதானேக்கா."

"நாலாவது இருக்கட்டும், ஒண்ணாவது இருக்கட்டும். நீ போகாம நின்னுட்டேன்னா, இத்தனை நாள் உன் பங்கையும் சேர்த்து நான் மடிச்சது எதுக்கு?" கண்ணைத் திறந்து பெட்டியைப் பார்த்தாள். "பதினெட்டாம் நாள் சாயங்காலம் நீயே வந்து உட்காருவ. அதுவரைக்கும் தள்ளி நில்லு."

பதினெட்டாம் நாள் காலையில் அம்மா என் விரல்களில் களிம்பு தடவினாள். கிளம்பும்போது ஒரு முறை, தெருமுனையில் ஒரு முறை, பேருந்து நிறுத்தத்தில் வழியனுப்பும்போது ஒரு முறை. ஈரப்பசை இருந்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்லதுதான், கொஞ்சமாக இருந்தால். விசா மையத்தில் கண்ணாடியின் மேல் கையை வைத்ததும் திரை முழுக்க மை கொட்டிய மாதிரி ஆகிவிட்டது. களிம்பு பள்ளங்களையும் நிரப்பிவிட்டது. மேடும் பள்ளமும் சேர்ந்தே கண்ணாடியைத் தொட்டன.

"யார் பார்த்த வேலை இது?"

"அம்மா."

ரேகை எடுப்பவர் பெருமூச்சு விட்டு, ஸ்பிரிட் நனைத்த துணியை நீட்டினார். துடைத்தேன். வலது கை நான்கும் இரண்டாவது அழுத்தலில் வந்தன. இடது கை முதல் அழுத்தலிலேயே வந்தது. இடது கட்டைவிரலும் வந்தது. வலது கட்டைவிரலின் தெளிவுக்குத் திரை நாற்பத்தொன்று என்று மதிப்பெண் காட்டியது. அறுபது வேண்டும். மறுபடி வைத்தேன், முப்பத்தெட்டு.

அது மடிப்பை அழுத்தி இழுக்கும் விரல்.

"இன்னும் ஒரு தடவைதான் எடுக்கும்," என்றார். நாற்காலியில் சாய்ந்து, கண்களைக் கசக்கி, என்னைப் பார்த்தார். "களிம்பையும் துடைச்சாச்சு, உள்ள இருந்த ஈரத்தையும் சேர்த்துத் துடைச்சாச்சு. நெத்தியில தேய்ச்சுட்டு வை. மெதுவா, ரெண்டு தடவை."

நெற்றியில் தானாக ஊறும் எண்ணெய் மிக மெல்லியது. மேட்டில் ஒட்டும், பள்ளத்தை நிரப்பாது. காலையிலிருந்து பயத்தில் வியர்த்த நெற்றி வேறு. தேய்த்துவிட்டு வைத்தேன்.

அறுபத்திரண்டு.

பச்சை விளக்கு எரிந்தது. அவர் அதற்குள் அடுத்த டோக்கன் எண்ணை அழுத்திவிட்டார். நான் உறையை எடுத்துக்கொண்டு எழுந்தபோதுதான் சொன்னார்: "அங்க போய் இறங்கினதும் இதே விரலை வைக்கச் சொல்வாங்க. இதோட ஒத்துப் போகணும். அதுவரைக்கும் தேய்ச்சுடாத."

பயணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

வீட்டில் அக்கா எனக்காக இடம் தயார் செய்து வைத்திருந்தாள். பாய், அதன் முன்னால் ஒரு கட்டு அட்டை, முதுகுக்குச் சாய ஒரு மூட்டை.

"வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

அவள் முகம் முழுக்கச் சிரித்தது. அட்டைக் கட்டை என் பக்கம் தள்ளினாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். ஐந்து வாரத்தைப் பற்றி வேகமாகச் சொல்லி முடித்தேன். அம்மா வாளியைக் கிளறுவதை நிறுத்தினாள்.

அக்கா தன் பிளாஸ்திரியைப் பிரித்துப் பார்த்தாள். மறுபடி ஒட்டினாள். கொஞ்ச நேரம் மூலையில் நின்ற இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கால்ல ரேகை எடுப்பாங்களா?"

"கால்லயா? இல்லையே."

"அப்போ வா."

அந்த இயந்திரத்தில் எப்போதும் ஒரே ஆள்தான் பிடிப்பதும் மிதிப்பதும். இரண்டு பேர் செய்யலாம் என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. அக்கா முக்காலியைப் போட்டு உட்கார்ந்து அட்டையைப் பிடித்தாள். நான் பக்கத்தில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மிதித்தேன். மிதி நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. முதல் பின் அட்டை நகர்வதற்குள்ளேயே விழுந்தது.

"ஏய்!" கையை இழுத்துக்கொண்டாள். "எனக்கு ரேகை வேண்டாம்டி. விரல் வேணும். நான் 'ம்' சொன்னா மிதி."

"ம்" என்றாள். மிதித்தேன். அட்டையை நகர்த்தினாள். "ம்." மிதித்தேன். ஒரு பெட்டிக்கு ஏழு பின்.

முப்பதாவது பெட்டியில் எனக்கு முழங்காலுக்கு மேல் வலி பிடித்துக்கொண்டது. காலை மாற்றிக்கொண்டேன்.

"ம்," என்றாள் அக்கா.