மஞ்சள் பட்ட கொடி

மலாயாவில் லாபிஸ் ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில் வீரமுத்துவுக்குப் புகைவீட்டில் வேலை. வரிசையாகத் தொங்கும் ரப்பர்த் தகடுகளுக்கு அடியில் அவன் நெருப்பு மூட்டுவான். மாரியம்மன் திருவிழாவுக்குக் கொடி ஏற்றுகிறவனும் அவன்தான். 1935இல், இங்கிலாந்து ராஜா பட்டத்துக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆனதைக் கொண்டாட வேண்டும் என்று துரை சொன்னபோது, தோட்டத்துக் குமாஸ்தா லெட்சுமணன் கிராணி வெள்ளைக்காரக் கொடியை அவன் கையில் கொடுத்தார்.

"நாளைக்குக் காலையில பெரட்டுக்களத்துல ஏத்தணும். சுருக்கம் இருந்துச்சு, துரை உன்னைச் சுருக்கிப்புடுவாரு."

கொடியை வீட்டில் வைத்துவிட்டு வீரமுத்து வேலைக்குப் போனான். மத்தியானம் திரும்பியபோது அது மஞ்சளாகியிருந்தது. நாலு மூலையும் நடுவும் மஞ்சள். மஞ்சள் படாத துணி கம்பத்தில் ஏறி அவன் பெண்டாட்டி அங்கம்மா பார்த்ததில்லை. நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்து அரைத்துத் தடவியிருந்தாள்.

"ராஜாவா இருந்தா என்னங்க, கண்ணு படாதா?" என்றாள்.

அவனுக்கும் அதில் தப்பு தெரியவில்லை. அந்த வழியாக வந்த செல்லப்பன்தான் எட்டிப் பார்த்துச் சிரித்தான். பக்கத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில், குடியிருப்பவன். கள்ளுக்கடையை மூடச் சொல்லித் துரையிடமே பேசியவன். அன்றிலிருந்து கிராணிக்கு அவனைக் கண்டால் ஆகாது.

"என்னண்ணே, ராஜாவுக்கே காப்புக் கட்டிட்டீங்க? வெள்ளையெல்லாம் காவியாப் போச்சே! கொஞ்சம் பச்சையும் பூசுங்க, காங்கிரசுக் கொடியாயிரும்."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். வீரமுத்து அவசரமாகக் கொடியைச் சுருட்டினான்.

குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் அய்யாவு என்று ஒருவன் இருந்தான். சட்டையில் மூவர்ணத் துணியைக் குத்திக்கொண்டு நடந்தான். போலீஸ் வந்தது, இந்தியாவுக்கே கப்பல் ஏற்றிவிட்டார்கள். அவன் பெண்டாட்டி காளியம்மாவை அந்த வாரமே லயத்திலிருந்து கிளப்பினார்கள். அவள் எங்கே போனாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வீரமுத்து அங்கம்மாவின் வயிற்றைப் பார்த்தான். உடனே சோப்பை எடுத்தான்.

"சோப்பு போடாதீங்க, செவந்துரும்! வெயில்ல போட்டா தானா வெளுத்துரும்."

"வெயிலா? வானத்தைப் பாருடி!"

மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவன் தேய்த்தான். மஞ்சள் சிவந்தது. தேய்க்கத் தேய்க்க ஆலத்தித் தண்ணீர் போல நுரை வழிந்து, வெள்ளைப் பட்டைகளில் ரத்தக்கறை மாதிரி படர்ந்தது. இப்போது அதைப் பார்க்கிறவன் ராஜாவின் கொடியில் யாரோ ரத்தம் தெளித்ததாகத்தான் சொல்வான்.

அங்கம்மா கையைப் பிடித்தாள். உதறிவிட்டுப் போனான். புகைவீட்டு அடுப்பில் கொடியைத் திணித்தான். கம்பளித் துணி லேசில் எரியவில்லை. மயிர் பொசுங்கும் நாற்றம் எழுந்தது. தகடுகளுக்கும் அந்த நாற்றம் ஏறுமோ என்று இன்னும் கொஞ்சம் விறகைப் போட்டான்.

காலையில் மழை விட்டிருந்தது. விடியலில் ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்தில் இரண்டு கம்பங்கள். ஒன்றில் சுல்தான் கொடியை மலாய்ப் போலீஸ்காரர் ஏற்றிவிட்டார். மற்றது மொட்டையாக நின்றது.

"கொடி எங்கடா?" என்றார் கிராணி.

"காயப் போட்டிருந்தேங்கையா. காணோம்."

சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் உறைத்தது. காணோம் என்றால் எவனோ எடுத்திருக்க வேண்டும்.

லயங்களைச் சோதித்தார்கள். பானை சட்டிகள் வாசலுக்கு வந்தன. செல்லப்பனின் தகரப் பெட்டியில், வேட்டிக்கு அடியில், நடுவில் ராட்டை வரைந்த மூவர்ணத் துணி ஒன்று மடித்திருந்தது. போலீஸ்காரர் அதை விரல் நுனியில் தூக்கிப் பிடித்தார்.

"சியாப்பா பூஞா?" யாருடையது என்று கேட்டார்.

"என்னுது. ஊர்லேருந்து அண்ணன் கொடுத்துவிட்டது. ராஜா கொடியை நான் தொடலை."

கிராணி வீரமுத்துவின் பக்கம் திரும்பினார். அவன் கைகளைப் பார்த்தார். நகக்கண்களில் மஞ்சள் இருந்தது. வீரமுத்து விரல்களை மடக்கிக்கொண்டான்.

"நேத்து இவன் உன் வீட்டுப் பக்கம் வந்தானா?"

செல்லப்பன் வீரமுத்துவைப் பார்த்தான். அந்தக் கொடி எப்படி இருந்தது என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் சொல்லவில்லை. வீரமுத்துவே சொல்லிவிடுவான் என்று நம்பினான் போலும்.

"வந்தான்" என்றான் வீரமுத்து.

"கொடியைப் பார்த்தானா?"

"பார்த்தான். சிரிச்சான்."

அதில் பொய் ஏதும் இல்லை. செல்லப்பனின் கைகளைப் பின்னால் கட்டினார்கள். வண்டிப்பாதை திரும்பும்வரை அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். லயத்து வாசலில் நின்றிருந்த அங்கம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

துரையின் பங்களாவிலிருந்து வேறொரு கொடி வந்தது. வீரமுத்து கயிற்றில் கட்டினான். முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போட்டான். கிராணி பக்கத்தில் வந்து நின்றார். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"புகைவீட்டுல இன்னும் நாத்தம் போகலை" என்றார் மெதுவாக. "அவன் போனது எனக்கு நல்லதாப் போச்சு. நீ இனிமே நான் சொல்றதக் கேட்டுக்கிட்டு இரு. இழு."

வீரமுத்து கயிற்றை இழுத்தான்.