ஒரே மூச்சில் பாடிய வரி

பிராட்வேயில் ஒரு பாட்டு நாடகம் வியாழக்கிழமை அரங்கேறி, மறுநாள் பத்திரிகைகள் நல்லபடியாக எழுதிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஓய்வு கிடையாது. ஊரே தேவாலயத்துக்குப் போகிற நேரத்தில் நாங்கள் ரெக்கார்டிங் ஸ்டூடியோவுக்குப் போவோம். எல்லாப் பாட்டையும் அந்த ஒரே நாளில் பாடி முடித்தாக வேண்டும். நாடகத்தைப் பற்றிய பேச்சு ஆறுவதற்குள் ரெக்கார்டு கடைக்கு வந்துவிட வேண்டும் என்பது கம்பெனிக்காரர்களின் அவசரம். பாடுகிறவர்களின் தொண்டையைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை?

அந்த ஞாயிறு பார்த்து எங்கள் கதாநாயகி லெனோர் ஹாஸ்கெல்லுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சின்னப் பாட்டுகளை எப்படியோ ஒப்பேற்றிவிட்டாள். இரண்டாம் பாகத்தின் முடிவில் வருகிற பெரிய பாட்டு மட்டும் நகரவில்லை. எல்லோரும் டிக்கெட் வாங்குவதே அந்தப் பாட்டுக்காகத்தான். தேன் கலந்த தேநீர் குடித்தாள், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள். உச்சிக்குப் போனதும் குரல் ஒவ்வொரு தடவையும் உடைந்தது.

"போய்க் கொஞ்சம் படுங்க லெனோர், மத்ததை அதுக்குள்ள முடிச்சிடறேன்," என்றார் சால் ரைஸ்மன். ரெக்கார்டு கம்பெனியின் தயாரிப்பாளர் அவர். லெனோர் மாடிக்குப் போனதும் நேராக எங்களிடம் வந்தார்.

நான் ஒத்திகைப் பியானோக்காரி. ஆர்கெஸ்ட்ரா வந்துவிட்டால் எனக்கு வேலை இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தவள் இர்மா கோவாக், லெனோரின் மாற்று நடிகை. லெனோர் உடம்புக்கு முடியாமல் படுத்துக்கொண்டால் இர்மா மேடை ஏறவேண்டும். பத்து வருஷத்துக்கும் மேலாக, நாடகம் மாறினாலும் இவர்கள் ஜோடி மாறவில்லை. லெனோரோ ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. இருவருக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

மாற்று நடிகை தன் இஷ்டத்துக்குப் பாட முடியாது. லெனோர் எங்கே நிற்கிறாளோ அங்கே நிற்க வேண்டும், எங்கே மூச்சு வாங்குகிறாளோ அங்கே வாங்க வேண்டும். இர்மா அதில் புலி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எனக்கே யாரென்று தெரியாது.

"நீ பாடிடு இர்மா," என்றார் சால். "அப்படியே லெனோர் மாதிரி. ஈ காக்காய்க்குத் தெரியாது."

"இவ பேரைப் போடுவீங்களா?" என்று நான் கேட்டேன்.

"ரெக்கார்டு அட்டையெல்லாம் அச்சாகிப் போச்சு. நீ சும்மா இரு ஹில்டா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இர்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "பேரு கிடக்குது, விடுடி. இத்தனை வருஷம் உன் ஓட்டைப் பியானோவுக்குத்தானே பாடியிருக்கேன். இங்க முப்பது பேர் வாசிக்கிறாங்க. ஒரு தடவை பாடிப் பாத்துடறேனே."

போய்ப் பாடினாள். ஒரே தடவைதான். முடிந்ததும் வயலின்காரர்கள் கைதட்டுவதற்குப் பதிலாக வில்லால் நோட்டு ஸ்டாண்டைத் தட்டினார்கள். சம்பளத்துக்கு வாசிக்கிறவர்கள் சும்மா தட்ட மாட்டார்கள். நான் அழுதுவிட்டேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது லெனோர் இறங்கி வந்தாள்.

"காலையில நீங்க பாடினதுதான்," என்று சால் புளுகினார். "நல்லதையெல்லாம் வெட்டி ஒட்டிட்டோம்."

லெனோர் தலையாட்டியபடி கேட்டாள். முகம் மலர்ந்துகூட இருந்தது. இரண்டாம் சரணத்தின் கடைசி வரி வந்தது. அவள் தலையாட்டல் நின்றது.

"திரும்பப் போடுங்க."

போட்டார்கள்.

"இந்த வரியை நான் நடுவுல மூச்சு வாங்காமப் பாடினதே இல்லையே," என்றாள் லெனோர். பிறகு இர்மாவைத் தேடித் திரும்பினாள். "நீயா?"

இர்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மன்னிச்சுக்கோ லெனோர். எல்லாத்தையும் உன்ன மாதிரிதான் பாடினேன். அந்த இடத்துல பின்னாடி செல்லோ வாத்தியம் வந்துச்சா, மறந்துட்டேன்."

"எதை மறந்த?"

"உன்னை."

லெனோர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இப்படிப் பாட வருமாடி உனக்கு? இத்தனை நாள் ஏன் பாடல?"

"அது என் வேலை இல்லையே."

"உன் பேரைப் போடச் சொல்லட்டுமா?" என்று லெனோர் கேட்டாள். வாசலில் செருப்பு மாட்டுகிற விருந்தாளியிடம் சாப்பிட்டுப் போகிறீர்களா என்று கேட்பதுபோல இருந்தது.

"என் பேரைப் போட்டா யாரு வாங்குவா?" என்றாள் இர்மா.

லெனோர் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "சரி சால், அப்படியே போகட்டும்," என்று கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். போகும் வழியில் இர்மாவின் தோளைத் தொட்டாள். அந்தக் கையைத் தட்டிவிடலாமா என்று எனக்கு இருந்தது.

ரெக்கார்டு சக்கைப்போடு போட்டது. மளிகைக்கடை ரேடியோவில் அந்தப் பாட்டு, பக்கத்து வீட்டு ஜன்னலில் அந்தப் பாட்டு. அட்டையில் லெனோர் பல் தெரியச் சிரித்தாள். எனக்கு அவளோடு பேச்சு வார்த்தை நின்றுபோனது.

வினையும் அங்கிருந்துதான் வந்தது. நாடகம் பார்க்க வருகிறவர்கள் அந்த ரெக்கார்டைத் தேயத் தேயக் கேட்டுவிட்டு வந்தார்கள். லெனோருக்குத் தொண்டை தேறிவிட்டது, பழைய மாதிரியே நன்றாகத்தான் பாடினாள். ஆனால் அந்த வரியின் நடுவே அவள் மூச்சு வாங்கும்போதெல்லாம் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஒரு பத்திரிகைக்காரன், ரெக்கார்டில் இருக்கிற லெனோர் மேடையில் இல்லை என்று எழுதியே விட்டான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

ஒரு சனிக்கிழமை மதிய ஆட்டத்துக்கு முன்னால் இர்மாவின் அறைக்குப் போனேன். ஜன்னல்கூட இல்லாத கடைசி அறை அது. கதவு திறந்திருந்தது. உள்ளே லெனோர் பாதி ஒப்பனையோடு நின்றுகொண்டிருந்தாள். இர்மா அவள் கையைப் பிடித்துத் தன் விலாவில் வைத்திருந்தாள்.

"இங்க பாரு, மூச்சை மேல இழுக்காத. பக்கவாட்டுல விரியணும். இப்பப் பாடு."

லெனோர் அந்த வரியைப் பாடினாள். பாதியில் மூச்சு அறுந்தது. மறுபடி பாடினாள், மறுபடியும் அறுந்தது. வியர்வையில் கண் மை வழிந்து கன்னத்துக்கு வந்துவிட்டது. எனக்கிருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"என்னைப் பாத்துக் கத்துக்கிட்டப்ப உனக்கும் இவ்வளவு கஷ்டமா இருந்துச்சா இர்மா?"

இர்மா கைக்குட்டையை எடுத்து அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"இல்ல," என்றாள். "எனக்குத்தான் நிறைய நேரம் இருந்துச்சே."