வெட்டப்பட்ட காட்டின் நிழல்

காட்டை வெட்டி முடித்துப் பதினேழு நாள் ஆகியும் அதன் நிழல் போகவில்லை. முப்பத்தொரு ஏக்கரில் ஒரு மரம்கூட மிச்சமில்லை. அடிக்கட்டைகளையும் இயந்திரம் வைத்துத் தோண்டி எடுத்தாகிவிட்டது. ஆனாலும் காலையில் மேற்கே சாய்ந்தும் மாலையில் கிழக்கே நீண்டும், ஒவ்வொரு மரத்துக்கும் உரிய இடத்தில், கிளை கிளையாக நிழல் விழுந்தது. காற்றடித்தால் அசைந்தது. நகரசபை ஓர் ஆளை அனுப்பியது. வெளியே இருப்பதைவிட உள்ளே வெப்பம் நான்கு டிகிரி குறைவு என்று அவர் குறித்துக்கொண்டு வந்தார். பறவைகளும் பழைய உயரத்திலேயே உட்கார்ந்தன. எதுவுமே இல்லாத இடத்தில் மைனாக்கள் வரிசையாக அமர்ந்திருக்கும். மரங்கொத்தி வெறுங்காற்றைக் கொத்தும். மரத்தைக் கொத்துகிற சத்தமே கேட்கும். முதல் வாரம் ஊரே போய் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோடு திரும்பியது. இரண்டாம் வாரம் பேச்சு குழாய்த் தண்ணீரைப் பற்றியதாகிவிட்டது.

வெட்டியது வீட்டு மனை போடுவதற்காக. வெட்டலாம் என்று சொன்னது ஒரு காகிதம். அதை எழுதியவர் நகரசபையில் செடி, கொடி, விலங்கு, பறவைகளைக் கணக்கெடுக்கும் வேலையில் பத்தொன்பது வருடம் இருந்தவர். விதிப்படி அவர் மூன்று நாள் அந்தக் காட்டுக்குள் நடந்திருக்க வேண்டும். மூன்று நாளும் மழை. முதல் நாள் ஜீப்பில் உட்கார்ந்தபடி நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கைக்குட்டையால் துடைத்து, தெரிந்த பச்சையை ஒரு பார்வை பார்த்து, ‘புதர்க்காடு. பாதுகாக்கத் தக்கதாக எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். யாரும் அவருக்கு லஞ்சம் கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. பின்னாளில் அவரை அதிகம் அரித்தது இதுதான். லஞ்சம் வாங்கியிருந்தால் தன்னைத் திருடன் என்றாவது சொல்லிக்கொண்டிருக்கலாம். காலுறை நனையக்கூடாது என்று ஒரு காட்டைக் கொடுத்தவனை என்னவென்று சொல்வது? சாட்சி ஒரே ஒருவர்தான், ஜீப் ஓட்டுநர். எதைச் சொன்னாலும் ‘ஆமா சார்’ என்பதால் அவருக்கு ஊரில் ஆமாசார் என்றே பெயர் நிலைத்திருந்தது. அவர் வாய் திறக்கவில்லை.

மனைகள் விற்கவில்லை. பார்க்க வந்தவர்கள் துணி காயாது, சுவரில் பாசி பிடிக்கும் என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். ஊர் பழி போட ஆள் தேடியது. மரம் அறுக்கும் பட்டறைக்காரர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். ரம்பம் பிடித்தவர் அவர்தானே. அவர் அறுத்த பலகையில் தொட்டில் செய்தால் பிள்ளைக்கு ஆகாது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். நான்கு மாதத்தில் பட்டறையில் தூசி தட்ட ஆளில்லை. அவர் மனைவி குழாயடிக்குப் போனால் மற்ற பெண்கள் குடத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். இதையெல்லாம் கணக்கெடுப்புக்காரர் தன் மேசையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு வரும்போதெல்லாம் பென்சில் சீவினார். அந்த வருடம் அவருடைய பென்சில்கள் எல்லாம் கட்டை விரல் நீளத்துக்கு வந்துவிட்டன. காடு இருந்த கிழக்குப் பக்கம் மட்டும் அவர் போகவேயில்லை. முழங்கால் வலி என்றார், தலைசுற்றல் என்றார், ஒருமுறை பல்வலி என்றும் சொன்னார்.

பதினோராம் மாதம், கோடை உச்சத்தில், நகரசபைத் தலைவி அவரை அழைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் மொத்தமும் அந்த நிழலில்தான் பாய் விரித்துக் கிடக்கிறது, தலைக்கு மேல் என்னென்ன பறவை உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு பட்டியலாவது வேண்டாமா என்று கேட்டார். மறுக்க வழியில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவியும் கூட வந்தாள். வெயிலிலிருந்து நிழலுக்குள் காலெடுத்து வைத்தார், நிழல் விலகியது. அவரைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு வெயில் அப்படியே நின்றது. இரண்டடி நடந்தார், அதுவும் இரண்டடி நகர்ந்தது. பக்கத்தில் நின்ற மனைவியின் தோள்வரை இலை நிழல் ஆடியது. அவர்மேல் ஒரு பொட்டு நிழல் இல்லை. பாய்களில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆமாசார் மட்டும் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து, நெடுநேரம் நிமிராமல் இருந்தார்.

அதைவிட மோசமானது சற்றுத் தள்ளி நடந்தது. ஓர் இருவாச்சி, நீண்ட அலகுள்ள பெரிய பறவை, பறந்து வந்து மூன்று ஆள் உயரத்தில் காற்றைப் பற்றிக்கொண்டு நின்றது. அலகில் இருந்த பழத்தை முன்னால் நீட்டியது. பழம் கீழே விழுந்தது. போய் இன்னொன்று கொண்டுவந்தது, அதுவும் விழுந்தது. வருடம் முழுக்க இப்படித்தான் போடுகிறது, விளையாட்டுப் பறவை என்று பிள்ளைகள் சொன்னார்கள். விளையாட்டு இல்லையென்று அங்கே தெரிந்தவர் ஒருவர்தான். பெட்டை இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஒரு கீறல் இடைவெளி வழியே ஆண் ஊட்டும். இது கணக்கெடுப்புக்காரர் பரீட்சைக்குப் படித்த முதல் பாடம். அவர் பட்டியல் எழுதவில்லை. வெயிலோடு வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் மனைவி விளக்குமாற்றைச் சாத்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“நீங்க உள்ள போனீங்களா, இல்லையா?”

“மூணு நாளும் மழை.”

“மழைய நான் கேக்கல.”

“போகல.”

“அந்தப் பட்டறைக்காரர் பொண்டாட்டி குடத்த நானும் தள்ளி வச்சேங்க,” என்றாள். அதற்குப் பிறகு ஒரு வருடம், சோறு ஆறுது, கதவச் சாத்துங்க என்பதைத் தவிர அவள் அவரிடம் எதுவும் பேசவில்லை.

மறுநாள் அவர் பட்டறைக்குப் போனார். சொல்ல வந்ததை வரும் வழியிலேயே ஒத்திகை பார்த்திருந்தார். வாசலில் எல்லாம் மறந்துபோயிற்று. நான் உள்ளேயே போகவில்லை என்று மட்டும் சொன்னார். பட்டறைக்காரர் ரம்பத்துக்கு எண்ணெய் போடுவதை நிறுத்தவில்லை.

“தெரியும் சார். உள்ள போயிருந்தா அப்படி எழுதியிருக்க மாட்டீங்க.”

“அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“என்னத்த சொல்றது? மண் பூசுன பொந்த நானும்தான் பாத்தேன். உள்ள சத்தம் கேட்டுச்சு. பேப்பர்ல ஒண்ணுமில்லனு இருந்துச்சு, அதனால எனக்கும் ஒண்ணும் கேக்கலனு வச்சுக்கிட்டேன்.” எண்ணெய்த் துணியை மடித்து வைத்தார். “மரம் சாஞ்சப்புறம் எடுத்துப் புதைச்சேன். ரெண்டு முட்டையும் இருந்துச்சு. இடம் வேணா காட்டுறேன்.”

இருவரும் போனார்கள். பட்டறைக்காரர் நிழலில் நின்றார், இவர் வெயிலில் நின்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை நகரசபைக் கூட்டத்தில் கணக்கெடுப்புக்காரர் எழுந்து ஜீப், மழை, கைக்குட்டை எல்லாவற்றையும் சொன்னார். ஆமாசார் கடைசி வரிசையிலிருந்து, “ஆமா சார்,” என்றார். அந்த ஒருமுறைதான் யாரும் சிரிக்கவில்லை. பழைய காகிதத்தைத் திருத்த முடியுமா என்று கணக்கெடுப்புக்காரர் கேட்டார். கோப்பில் ஏறியதைத் திருத்த முடியாது, புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம் என்றார்கள். வேலை போயிற்று. எப்படியும் வாங்க ஆளில்லாத நிலம் என்பதால் தலைவி மனைக்கற்களைப் பிடுங்கச் சொல்லி, அதைக் காப்பு நிலமாக எழுதினார். அதற்குக் காவலாள் வேண்டியிருந்தது. சம்பளம் குறைவு. விண்ணப்பித்தவர் ஒருவர்தான். பட்டறைக்காரர் மனைவியின் குடம் குழாயடியில் மறுபடி வரிசைக்கு வந்தது. ஆனால் குடத்தைத் தள்ளி வைத்தவர்கள் வெகுநாள் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

இருவாச்சி போட்ட பழங்களிலிருந்து முதல் மழைக்கே நாற்பத்திரண்டு கன்று முளைத்திருந்தன. எல்லாம் அந்தக் காட்டின் சொந்த மரங்கள், நாற்றுப் பண்ணையில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வராதவை. காவலாளாகிவிட்ட கணக்கெடுப்புக்காரர் அவற்றை வரிசை வரிசையாகப் பெயர்த்து நட்டு, ஒவ்வொன்றின் முன்னும் மண்டியிட்டு இலை எண்ணி எழுதினார். பட்டறைக்காரர் கழிவுச் சட்டங்களில் வேலி அடித்துத் தந்தார், கூலி கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து எறும்புதின்னி ஒன்று வேலிக்கடியில் தோண்டிக்கொண்டு உள்ளே வந்தது. அவர் தோண்டிய இடத்தை அடைக்காமல் விட்டார். ஆனால் கன்றுகள் முழங்கால் உயரத்தோடு நின்றுபோயின. மூன்றாம் வருடம், நான்காம் வருடம், ஐந்தாம் வருடம், அதே முழங்கால். உயிருள்ள காட்டில் ஒரு கிழமரம் விழும், வானம் திறக்கும், வெயில் விழுந்த இடத்தில் கன்று எழும்பும். நிழலுக்கு விழத் தெரியாது. அது இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் பட்டறைக்காரர். வேலி பார்க்க வந்தவர், இடுப்பு உயரத்துக்கு வளர்ந்த ஒரு வரிசையைக் காட்டி, “இதுங்க மட்டும் எப்படி?” என்று கேட்டார். காவலாள் தினமும் நடக்கும் தடத்தின் ஓரம் அது. இருவரும் கன்றுகளைப் பார்த்தார்கள், பிறகு காவலாளைச் சுற்றியிருந்த வெயிலைப் பார்த்தார்கள்.

“சும்மா நடந்தா பத்தாது. நிக்கணும் சார்,” என்றார் பட்டறைக்காரர்.

அன்றிலிருந்து அவர் நின்றார். ஒரு கன்றுக்கு முக்கால் மணி நேரம். அன்றைக்கு எந்த வரிசை என்று பலகையில் எழுதி வாசலில் மாட்டினார், ஊர் அதற்கேற்பப் பாயை நகர்த்திப் போட்டது. மேகம் மூடிய நாட்களில் விடுப்பு. தோல் கறுத்து, உச்சி மயிர் செம்பட்டையானது. தொப்பி போட்டுக்கொள்ளலாமே என்று ஆமாசார் ஒருமுறை சொன்னார். கன்றுக்கு மறைக்கும் என்று வேண்டாமென்றுவிட்டார். வெளியூரிலிருந்து வந்தவர்கள் யார் அது வெயிலில் என்று கேட்டால், ஊர்க்காரர்கள் விவரம் சொல்லாமல் கன்று வளர்க்கிறார் என்பார்கள். சொல்லியிருந்தாலும் அவர் ஆட்சேபித்திருக்க மாட்டார். பதினான்காம் வருடம் முதல் வரிசை மரங்கள் கூரை உயரம் வந்தன. அவற்றின் நிழல் சாதாரண நிழல், அவர்மேலும் விழுந்தது. அவர் கூசிப்போய் வெளியே வந்துவிட்டார். இன்றும் அங்கே கால் மணிக்கு மேல் நிற்பதில்லை.

மனைவிக்குக் கண் மங்கத் தொடங்கியது அதே வருடம்தான். கடைகளுக்குச் சட்டைப் பித்தான் துளை தைத்துக் கொடுப்பவள் அவள். வீட்டு விளக்கில் நூல் கோக்க முடியவில்லை. ஒருநாள் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு காப்பு நிலத்துக்கு வந்து, பலகையைப் படித்து, எட்டாம் வரிசைக்குப் போய், அவருடைய வெயிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மறுநாளும் வந்தாள். மதியத்துக்கு மேல் சூரியன் சாய்ந்தபோது ஊசியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

“கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க. கண்ணு தெரியல.”

அவர் தள்ளி நின்றார்.