இறந்தகால இடைநிலை

நான் வேலை செய்யும் இடத்துக்கு மருந்தியல் பள்ளி என்று பெயர். பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம்தான். ஆனால் பெயரில் பள்ளி இருப்பதால், வெளியாட்களிடம் சொன்னால் "எத்தனாவது கிளாஸுக்கு எடுக்கறீங்க?" என்று கேட்பார்கள். நான் எந்த வகுப்புக்கும் எடுப்பதில்லை. ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் வெள்ளிக்கிழமைதோறும் மின்னஞ்சலில் போகிற செய்திமடலைத் தொகுக்கிறேன். யாருக்கு விருது, யாருக்குக் குழந்தை, எந்த லிஃப்ட் பழுது, எங்கே வண்டியை நிறுத்தக் கூடாது. பதினான்கு வருடமாக இதுதான் பிழைப்பு.

மடலை யாரும் படிப்பதில்லை. இரண்டாவது மாடி லிஃப்ட் பழுது என்ற செய்தியை ஒருமுறை எடுக்க மறந்து மூன்று வாரம் தொடர்ந்து போட்டுவிட்டேன். லிஃப்ட் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இருந்தாலும் நான் ஓர் ஒற்றுப்பிழை வர விடமாட்டேன். பிழை இருந்தால் இயக்குநர் எழுதியதிலும் கை வைப்பேன். பிழை இல்லாவிட்டால் ஒரு கமாவைக்கூடத் தொடமாட்டேன். இதனால் எனக்கு 'விகுதி' என்று பட்டப்பெயர். வினைச்சொல்லில் காலம் காட்டுவது இடைநிலை, விகுதி அல்ல. நான் சண்டை போட்டதெல்லாம் பெரும்பாலும் காலத்துக்காகத்தான். பெயர் வைத்த புண்ணியவான்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

புது இயக்குநர் வந்ததும், மடலின் வரைவை வியாழக்கிழமையே தன் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கச் சொன்னார். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கோ உள்ளூரச் சந்தோஷம். படிக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டார் அல்லவா.

முதல் திருத்தம் நூலகத்து அம்மாவைப் பற்றிய செய்தியில் வந்தது. புத்தகக் கண்காட்சி நடத்தியதற்கு அவருக்குப் பாராட்டு. "இருபது ஆண்டுகளாக நூலகத்தைக் கவனித்துவருகிறார்" என்று எழுதியிருந்தேன். "கவனித்துவந்தார்" என்று சிவப்பில் மாற்றி வந்தது. இயக்குநரின் செயலருக்குப் போன் செய்தேன்.

"மேடம், அந்தம்மா இங்கதானே இருக்காங்க? இப்பதான் படியில பாத்தேன்."

"மேல இருந்து வந்தது சார். அப்படியே போட்டுடுங்க."

"இல்ல, காலம் தப்பா இருக்கேன்னு கேட்டேன்."

"காலமெல்லாம் சரியாத்தான் இருக்கு சார்."

போட்டேன். பத்தே நாளில் எங்கள் நூலகத்தை மைய நூலகத்தோடு இணைத்துவிட்டார்கள். அவருக்கு அங்கே இடமில்லை. முதுகுவலிக்காக நாற்காலியில் வைத்திருந்த சின்னத் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் வாசலைத் தாண்டிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

தற்செயல் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த மாதம் புள்ளியியல் பேராசிரியர் பற்றிய செய்தியில் "வகுப்பெடுக்கிறார்" என்பது "வகுப்பெடுத்தார்" ஆகி வந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. உயிரோடு பாடம் நடத்துகிற மனுஷனை இறந்தகாலத்தில் எழுத நான் என்ன இளித்தவாயனா? சிவப்பை அழித்து "எடுக்கிறார்" என்றே அனுப்பிவிட்டேன். அன்று மாலை ஏதோ பெரிய வீரச்செயல் செய்தவன் போல வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை அவருடைய அடையாள அட்டைக்குக் கண்ணாடிக் கதவு திறக்கவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த என்னைப் பார்த்ததும் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கேட்டார்.

"வகுப்பெடுக்கிறார்னு நீங்கதானே போட்டிருந்தீங்க?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆக, நான் எந்த எழுத்தைப் போட்டாலும் ஆள் போவது போவதுதான். என் கையில் ஒன்றுமில்லை. அன்றிலிருந்து வியாழக்கிழமை என்றாலே பயம். வரைவு திரும்பி வரும்போது செய்தியைப் படிக்கமாட்டேன், சிவப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

மூன்றாவது சிவப்பு என் மச்சினன் மேல் விழுந்தது.

மச்சினன் என் மனைவியின் தம்பி. எங்கள் அடித்தள ஆய்வகத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறான். எட்டு வருடத்துக்கு முன் இந்த வேலைக்கு மனுப்போடச் சொன்னதே நான்தான். வேறொரு பல்கலைக்கழகம் அவனை இப்போது வருந்தி வருந்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். "நான் போனா இந்த மிஷினெல்லாம் அழுதுடும்" என்று சொல்லி, வரவில்லை என்று எழுதத் தயாராக இருந்தான். அந்த வாரம் அவனுக்குச் சிறந்த தொழில்நுட்பப் பணியாளர் விருது. "கருவிகளைப் பராமரிக்கிறார்" என்று நான் எழுதியதை "பராமரித்தார்" என்று திருத்தி அனுப்பியிருந்தார்கள்.

வரைவில் பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். சொல்லாவிட்டால் அந்த வேலையும் போய் இந்த வேலையும் போய் நடுத்தெருவில் நிற்பான். சாயங்காலம் வீட்டுக்கு வரச்சொல்லி வரைவைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஒரு 'த்'துக்காக நான் வேலைய விடணுமா மாமா? உங்களுக்கு இலக்கணம் முத்திப்போச்சு."

"மாப்ள, ரெண்டு பேரு போயிட்டாங்கடா."

"விருது குடுத்துட்டு யாராவது வெளிய அனுப்புவாங்களா?"

என் மனைவி அதுவரை துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த சட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"டேய், உங்க மாமா எங்கிட்ட எவ்வளவோ பொய் சொல்லியிருக்காரு. இந்த விஷயத்துல சொல்லமாட்டாரு. வர்றேன்னு எழுதிக் குடு."

அக்கா பேச்சுக்கு அவனிடம் மறுபேச்சு கிடையாது. மறுநாள் நாலரை மணிக்கு, வருகிறேன் என்று பதில் அனுப்பினான். எனக்கு மூச்சு வந்தது. அன்றைய மடலில் "பராமரித்தார்" என்றுதான் போட்டிருந்தேன். நாற்பது பேர் அவனுக்கு வாழ்த்து அனுப்பினார்கள். ஒருவர்கூட அந்த எழுத்தைக் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நேரே என் அறைக்கு வந்தான். முகமெல்லாம் பல்.

"செயலர் மேடம் ஏன் இப்படித் திடீர்னுன்னு கேட்டாங்க மாமா. எங்க மாமாவுக்கு ஒரு எழுத்து போதும், தலையெழுத்தையே படிச்சுருவாருன்னேன்."

"அப்படியேவா சொன்ன?"

"பெருமையாத்தான் சொன்னேன். மேடம் நல்லா சிரிச்சாங்க."

பதினான்கு வருடத்தில் செயலர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த வியாழக்கிழமை மடலில் மச்சினனுக்கு விடைகொடுக்கும் செய்தி இருந்தது. மாலை நான்கு மணிக்கு வரைவு திரும்பி வந்தது. மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தேன். அவன் செய்தியில் சிவப்பு இல்லை. கருத்தரங்கில் இல்லை, லிஃப்டில் இல்லை, வண்டி நிறுத்தத்தில் இல்லை. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தபோதுதான் மடலின் கடைசி வரி கண்ணில் பட்டது. வாராவாரம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் வரி அது. நான் முதல் வருடம் எழுதியது, பிறகு படித்ததேயில்லை. "தொகுப்பவர்" என்று போட்டு என் பெயர் இருக்கும். "தொகுத்தவர்" என்று மாற்றியிருந்தார்கள்.

"தொகுப்பவர்" என்பதில் இருப்பது எதிர்கால இடைநிலை. இத்தனை வருடம் அந்த ஒரு 'ப்'பில்தான் என் காலம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. செயலருக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"மேல இருந்து வந்தது சார்."

பிறகு மனைவிக்குப் போன் செய்து அந்த வரியைப் படித்துக் காட்டினேன். ஒரு சொல்தான். அவளுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

"நீங்க போட்டதா, அவங்க போட்டதா?"

"அவங்க."

"தம்பிகிட்ட இப்ப சொல்லாதீங்க, போற இடத்துக்கு நிம்மதியா போகட்டும்," என்றாள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மடலை அனுப்ப வேண்டும். அனுப்புமுன் கடைசி வரிக்கு வந்து நின்றேன். சிவப்பை அழித்துப் பழையபடி மாற்ற அரை நிமிடம்கூட ஆகாது. விரலை விசைப்பலகை மேலேயே வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். பிறகு அப்படியே அனுப்பிவிட்டேன். பிழை இல்லாத சொல்லில் கை வைத்து எனக்குப் பழக்கமில்லை.